பத்தொன்பது அடி

புழல் என்றால் எங்கள் தெருவில்
யாரும் தண்ணீரை நினைப்பதில்லை.
"புழல்ல இருக்கான்" என்றால் போதும்,
எதுக்கு, எத்தனை வருஷம் என்றுதான் கேட்பார்கள்.
எத்தனை அடி என்று கேட்டவன்
உள்ளே இருக்கும் டில்லி மட்டும்தான்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
போனைக் காதில் வைத்துக்கொண்டு,
வக்கீல் என்ன சொன்னார் என்றில்லை,
அம்மாவுக்குக் கால் வீக்கம் வடிந்ததா என்றில்லை,
"அக்கா, ஏரி எவ்ளோ நிக்குது?"

பதினோரு வருஷம் தண்ணி லாரி ஓட்டியவன்.
ஏரித் தண்ணியில்தான் குளிக்கிறானாம், குடிக்கிறானாம்.
சுவரைத் தாண்டினால் கூப்பிடு தூரமாம்.
வந்த நாளாய்க் கண்ணால் பார்க்கவில்லையாம்.
"ராத்திரில சத்தம் கேக்குதுக்கா,
ஷட்டர் திறந்துவிட்ட மாதிரி.
வார்டர் சிரிக்கிறாரு, பைபாஸ்ல லாரி போவுதுன்றாரு.
லாரி சத்தம் எனக்குத் தெரியாதா?
நீ போய்க் கேட்டுட்டு வந்து"
லைன் கட்டாகிவிட்டது.

போனோம், நானும் அவன் மகள் யாமினியும்.
ஷேர் ஆட்டோ முழுக்க
செங்குன்றத்து ரைஸ்மில் புழுங்கல் வாசம்.
அவள் மணிக்கட்டில்
உள்ளே போக வைத்த ஊதா முத்திரை.
எச்சில் தொட்டு அழிக்கப் பார்த்தாள்,
பாதியில் விட்டுவிட்டாள்.

கடல் பார்த்து வளர்ந்தவள் நான்.
அலை இல்லாமல் இவ்வளவு தண்ணீர்
சும்மா உட்கார்ந்திருப்பது
கொஞ்சம் சந்தேகமாகத்தான் இருந்தது.
அக்கரை தெரியவில்லை.
வெள்ளை வெயிலில் கூழைக்கடா நாலைந்து
யாரோ மறந்து வைத்த குடங்கள்போல மிதந்தன.

கரைக்கல் ஒவ்வொன்றும் ஒரு ஆள் பாரம்.
வெள்ளைக்காரன் கட்டினான் என்பார்கள்.
அவனா சுமந்தான்.
பொறித்த வருஷத்தில் பதினெட்டு வரை தெரிகிறது,
மிச்ச ரெண்டு எண்ணைச் சுண்ணாம்பு தின்றுவிட்டது.

தண்ணீருக்குள் தனியாக ஒரு வட்டக் கோபுரம்,
அதற்குப் போக ஒல்லியாய் ஒரு பாலம்.
"அதுவும் ஜெயிலா அத்தை?"
இல்லம்மா, தண்ணிய அளந்து
வெளிய விடுற இடம் என்றேன்.
சொன்ன பிறகு
அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அளவுகோலில் வெயில் கூசியது.
மீன்பிடிக்கத் தடை என்ற போர்டின் நிழலில்
தூண்டில் போட்டிருந்த ஆள் திரும்பாமலே சொன்னார்:
"பத்தொம்போது. பேப்பர்ல போட்டிருந்தான்."

ஷட்டர் மூடித்தான் இருந்தது.
மதகுச் சுவரில் காதை வைத்தேன்.
சூடு.
நீர்க்காகம் முங்கி எழுந்த சத்தம் ஒன்று.
அப்புறம்
பைபாஸில் லாரி, லாரி, லாரி.

அடுத்த மனுவில் சொன்னேன்,
பத்தொன்பது அடி.
"சத்தம்?"
தண்ணிதாண்டா.
பின்னால் நின்ற வார்டரைத் திரும்பிப் பார்த்தான்,
கேஸ் ஜெயித்தவன் மாதிரி.

கார்த்திகை அடைமழையில்
நிஜமாகவே திறந்துவிட்டார்கள்.
கரையோரம் இருப்பவர்கள் கவனம் என்று
ஆட்டோவில் மைக் கட்டிக் கத்திக்கொண்டு போனார்கள்.
வடபெரும்பாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்சுவர்தான்
உபரிக் கால்வாய்க்குக் கரை.
பதினோரு மணிக்கு வாசற்படி.
பன்னிரண்டுக்கு ஃபிரிட்ஜின் கால்.
சிலிண்டரைக் கட்டிலில் ஏற்றினேன்,
பிறகு அம்மாவை,
பிறகு அரிசி, ரேஷன் கார்டு, வக்கீல் ஃபைல்.

கரண்ட் போன இருட்டில்
கதவைத் தோளால் தள்ளித் தள்ளி
உள்ளே வந்துகொண்டிருந்தது.
லாரி இல்லை இது.
இந்நேரம் அவனும் எழுந்து உட்கார்ந்திருப்பான்,
பக்கத்தில் படுத்தவனைத் தட்டி எழுப்பிக்
கேளு, கேளு என்றிருப்பான்.

யாமினி டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு
கட்டிலிலிருந்து குனிந்து
பள்ளிக்கூட ஸ்கேலைத் தண்ணீரில் நட்டாள்.
"அத்தை, ஸ்கேலே முங்கிடுச்சு.
அப்பாகிட்ட எத்தனைன்னு சொல்றது?"